தொண்ணூற்றைந்து எப்படி 905 ஆகிறது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களின் தமிழ்வழிக் கல்வி குறித்து எவர் பதிவிட்டாலும், அதன்கீழ் நடக்கும் சண்டையின் போக்கு முன்கூட்டியே தெரிந்ததுதான். மார்த்தாண்டமும் புதுக்கடையும் வரும், 1954 ஆகஸ்ட் 11 வரும், நேசமணி வருவார், ஃபசல் அலி ஆணையம் நெய்யாற்றின்கரையைக் கைவிட்ட கதை வரும். மறுபுறத்தில், கேரளத்தில் பிழைக்க வேண்டியவர்களுக்குத் தமிழ் எதற்கு என்றொரு குரல் எழும். இரு தரப்பும் களைத்த பிறகு ஒருவர் வந்து, எல்லாவற்றையும் விடுங்கள், பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேருங்கள் என்பார்; விருப்பக்குறிகள் அவருக்குத்தான் மிகுதியாக விழும். இத்தனை ஆண்டுச் சண்டையில் வராத சொல் ஒன்று உண்டு. அது கணக்கு.

ஒரு குழந்தை எந்த மொழியில் எண்ணக் கற்கிறது, எந்த மொழியில் அளக்கக் கற்கிறது என்ற கேள்வி நம் மொழியுரிமைப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. கணக்கு என்றால் குறியீடு, குறியீட்டுக்கு மொழி கிடையாது என்பது இரு தரப்புக்கும் பொதுவான மூடநம்பிக்கை. தமிழ் ஆர்வலர் ஆத்திசூடிக்காகப் போராடுவார். இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார். இந்தப் பதிவு அவருக்கும் சேர்த்துத்தான். கோபம் வந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படட்டும்.

இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் 'தொண்ணூற்றைந்து' என்று சொல்லி, எண்ணால் எழுதச் சொல்லுங்கள். 905 என்று எழுதிய குழந்தைகளை நான் இவ்வூர்களில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கவனக்குறைவு என்கிறார். மொழியியல் படித்த எனக்கு அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. நூற்றைந்து என்றால் 105. எண்ணூற்றைந்து என்றால் 805. அப்படியானால் தொண்ணூற்றைந்து? அந்தக் குழந்தை சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறது; உள்ளே 'நூறு' இருப்பதைக் கண்டிருக்கிறது; எண்ணூறு என்ற முன்மாதிரியை வைத்து ஒப்புமையால் விடை கண்டிருக்கிறது. இலக்கண ஆசிரியன் செய்யும் வேலை இது. கவனம் கூடியதால் வந்த பிழையைக் கவனக்குறைவு என்று திருத்தும்போது, சொற்களைப் பிரித்துப் பார்க்காதே என்றுதான் அந்தக் குழந்தைக்குக் கற்பிக்கிறோம்.

தமிழ் எண்ணுப்பெயர்களில் ஒன்பதின் குடும்பம் ஒரு தனிப் பிறவி. ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்று பத்துகளுக்குரிய ஆடை 'பது'. அந்த ஆடையை உடுத்திக்கொண்டு ஒன்றுகளின் வரிசையில் நிற்கிறது ஒன்பது. நூறுகளின் ஆடையை உடுத்திப் பத்துகளின் வரிசையில் நிற்கிறது தொண்ணூறு. ஆயிரத்தின் ஆடையில் நூறுகளின் வரிசையில் நிற்கிறது தொள்ளாயிரம். ஒவ்வொன்றும் தன் படிநிலைக்கு ஒருபடி மேலான பெயரைச் சூடியிருக்கிறது. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுத்தது. நன்னூலும் அதற்கு விதி சொன்னது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு பழம்பெயர் இருந்ததற்குப் பரிபாடல் சான்று. அந்தத் தொண்டு நூறோடும் ஆயிரத்தோடும் சேர்ந்தே இப்பெயர்கள் வந்தன என்று கருதுவோரும் உண்டு. ஒன்பது என்பதே பத்துக்கு ஒன்று குறைந்தது என்ற பொருளில் பிறந்த சொல் என்பாரும் உண்டு. இலக்கணிகளையே இவ்வளவு உழைக்க வைத்த இடத்தில் ஏழு வயதுக் குழந்தை தடுமாறுவது இயல்பு. தடுமாறும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறியாமல் இருப்பதுதான் இயல்பன்று. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் ஒன்பதை வைத்து, முதலில் சில நாள் 'ஒன்பது பத்து' என்றே சொல்ல வைத்து, பிறகு இதற்கு ஊரில் தொண்ணூறு என்று பெயர் என்று சொல்லிக் கொடுத்தால் முடிந்தது.

இந்த ஒரு வளைவைத் தாண்டினால் தமிழ் எண்ணுப்பெயர்கள் நேரான சாலை. இருபத்து மூன்று என்பதில் இரண்டும் பத்தும் மூன்றும் காதிலேயே விழுகின்றன. இடமதிப்பு என்று நாம் தனிப்பாடமாக நடத்தும் கருத்தின் பாதி, சொல்லிலேயே உள்ளது. ஆங்கிலத்தில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்ற சொற்களில் பத்து எங்கே இருக்கிறது என்று ஏழு வயதுக் குழந்தை தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 'தர்ட்டீன்' என்பதற்கும் 'தர்ட்டி' என்பதற்கும் உள்ள ஒலிவேறுபாடு பெரியவர்களுக்கே தொலைபேசியில் பிடிபடுவதில்லை. இந்தியில் உன்சட் என்பது 59, உனஹத்தர் என்பது 69; நூறுவரை பெரும்பாலும் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே மனப்பாடம் செய்தாக வேண்டும். கெவின் மில்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு, பத்துவரை எண்ணுவதில் சீனக் குழந்தைகளும் அமெரிக்கக் குழந்தைகளும் ஒத்தே செல்கிறார்கள் என்றும், பத்தைத் தாண்டியதும்தான் பிரிகிறார்கள் என்றும் காட்டியது. சீன மொழியில் பதினொன்று என்பது 'பத்து ஒன்று'. வேல்சு நாட்டில் பள்ளிக்கூடத்து வெல்ஷ் எண்முறையும் அப்படியே. அங்கே ஒரே ஊரில் வெல்ஷ் வழியிலும் ஆங்கில வழியிலும் படிக்கும் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மொழி மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை, அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. கையில் இருக்கும் படிக்கட்டை உதைத்துத் தள்ளிவிட்டுச் சுவரில் ஏறச் சொல்லாதீர்கள் என்பது மட்டுமே என் வாதம்.

ஆனால் அதைத்தான் செய்கிறோம். களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் மழலையர் பள்ளி வேன்கள் ஏற்றிச் செல்லும் குழந்தைகள் 'ஒன், டூ, த்ரீ' என்று நூறுவரை பாடுகிறார்கள். பெற்றோர் மகிழ்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் 'தர்ட்டி செவன்' என்பதில் எத்தனை பத்து என்று கேட்டால் விழிக்கும். வீட்டில் முப்பத்தேழு ரூபாய் என்று சொன்னால் சில்லறை எண்ணிக் கொடுக்கும்; பள்ளியில் 'தர்ட்டி செவன்' என்பது ஒரு பாட்டின் வரி. ஒரே எண்ணுக்கு ஒரு மண்டைக்குள் தொடர்பே இல்லாத இரண்டு வீடுகள்.

இனித் தமிழ் அமைப்புகளுக்குக் கசக்கும் பகுதி. எண்ணுப்பெயரைப் பொறுத்தவரை தமிழும் மலையாளமும் ஏறத்தாழ ஒரே அமைப்பு. பதினொன்னு, இருபத்திமூன்னு, அம்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம்: மலையாளத்தில் எழுதும் வடிவம் பல இடங்களில் நம் எழுத்துத் தமிழைவிட நம் வீட்டுப் பேச்சுக்கு நெருக்கமானது. அஞ்சு, நாலு என்பவை நமக்குக் கொச்சை, அவர்களுக்கு இலக்கியம். அரை, கால், முக்கால், ஒன்றேகால், ஒன்றரை எல்லாம் பொது. ஒன்பதின் குடும்பக் குறும்பும் அங்கே அப்படியே உண்டு. ஆகவே மலையாள வழியில் போனதால் குழந்தைக்கு எண்ண வரவில்லை என்று மேடையில் பேசினால் அது உண்மையாகாது. எண் விஷயத்தில் மலையாளம் எதிரியன்று. இரண்டுக்கும் பொதுவான இழப்பு ஆங்கிலத்தால் நேர்வது. இரு மொழிக்காரர்களும் எல்லைக்கல்லின் இருபுறம் நின்று முறைத்துக்கொண்டிருக்க, நடுவில் மூன்றாமவன் வேன் ஓட்டிச் செல்கிறான்.

அப்படியானால் வீட்டில் தமிழ் பேசி, மலையாள வழிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குச் சிக்கலே இல்லையா? உண்டு. ஆனால் அது எண்ணில் இல்லை, செயல்களின் பெயரிலும் அளவைகளின் பெயரிலும் இருக்கிறது. கூட்டல் இரு மொழிக்கும் பொது. கழித்தல் என்று தமிழில் சொல்வதை மலையாளத்தில் குறைக்கச் சொல்கிறார்கள். மலையாளத்தில் 'கழிக்குக' என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடு. பெருக்கு என்பது 'குணிக்குக', வகு என்பது 'ஹரிக்குக', மீதி என்பது 'சிஷ்டம்'. பெரியது 'வலுது'. இவையாவது முற்றிலும் புதிய சொற்கள். புதியவை என்று குழந்தைக்கே தெரியும். தெரிந்த முகத்தோடு வந்து வேறு பொருள் தரும் சொற்கள்தான் காலை வாருகின்றன. மலையாளத்தில் 'வீதி' என்றால் அகலம். நீளமும் வீதியும் என்று கேட்கும் தமிழ்க் குழந்தைக்குத் தெரு நினைவுக்கு வருகிறது. 'ஸ்தானவில' என்பதில் விலை கேட்கிறது. 'தூக்கம்' என்றால் எடை! அரிசியின் தூக்கம் எவ்வளவு என்று கேட்டால் எந்தத் தமிழ்க் குழந்தை சிரிக்காது? சிரித்த குழந்தை அடங்காத குழந்தை ஆகிறது. விழித்த குழந்தை மந்தமான குழந்தை ஆகிறது. பல வீடுகளில் இரு மொழியும் கலந்தே புழங்குவதால் சிலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களைப் பற்றித்தான் பேச்சு.

மறுபுறத்தில் பரப்பளவும் சுற்றளவும் நீளமும் உயரமும் இரு மொழிக்கும் ஒன்றே. கேரளப் பாடநூல்கள் வடமொழிச் சொல்லை விட்டுப் 'பரப்பளவு' என்றே எழுதுவதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. அதைப் பாராட்டத் தமிழ்நாட்டில் ஒருவரும் இல்லை. வேறுபடும் சொற்களை நான் எண்ணிப் பார்த்தேன். தொடக்கநிலைக்கு இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து. ஒரு தாளின் ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தை அச்சிட்டு எல்லையோரப் பள்ளி ஆசிரியரின் மேசையில் ஒட்டிவைக்க எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டாம்.

சட்டம் என்றதும் 1956 நினைவுக்கு வருகிறது. மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, நெய்யாற்றின்கரை நின்றுவிட்டது. அதே ஆண்டில் அரசமைப்பின் ஏழாம் திருத்தம் 350அ என்ற உறுப்பைச் சேர்த்தது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய வேண்டும். அதே ஆண்டின் இறுதியில்தான் மெட்ரிக் முறையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்த எடையளவைத் தரச் சட்டமும் நிறைவேறியது. ஒரே ஆண்டில் இவ்வூர்களின் மாநிலம், மொழியுரிமை, அளவுகோல் மூன்றும் எழுதப்பட்டன. முதல் இரண்டைப் பற்றி நூல்கள் உண்டு, விழாக்கள் உண்டு. மூன்றாவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

மெட்ரிக் முறை வந்ததற்காக நான் அழவில்லை. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 7 பணம், பணத்துக்கு 4 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். நாலு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை; நாஞ்சில் பக்கம் போனால் மரக்காலும் கோட்டையும். தச்சரின் முழக்கோலுக்கு 24 விரல். பத்தின் அடுக்குகளாக எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது ஏழைக்கு நன்மைதான். கணக்குப்பிள்ளை ஏமாற்றும் இடங்களில் பல அடைபட்டன. என் வருத்தம் வேறு. மெட்ரிக் முறை நம் பள்ளிகளுக்கு அளத்தல் என்னும் செயலாக வரவில்லை, அட்டவணையாக வந்தது. 10 மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர், 100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர், 1000 மீட்டர் ஒரு கிலோமீட்டர். வாய்ப்பாட்டைப் போல ஒப்பிக்கும் குழந்தையிடம் இந்த வகுப்பறையின் நீளம் எத்தனை மீட்டர் இருக்கும் என்று கேளுங்கள். ஐம்பது என்பான் ஒருவன், இரண்டு என்பாள் ஒருத்தி. மீட்டர் என்பது எவ்வளவு என்றே தெரியாமல் அதை மில்லிமீட்டராக மாற்றத் தெரிந்த தலைமுறையை நாம் உருவாக்கியிருக்கிறோம்.

சாணால் அள, முழத்தால் அள என்று பாடநூலில் செயல்பாடு உண்டே என்பீர்கள். உண்டு, அது ஒரு சடங்கு. மேசையை நாலு பிள்ளைகள் சாணால் அளப்பார்கள், நாலு விடை வரும். ஆகவே பொது அளவு வேண்டும், அதுவே சென்டிமீட்டர் என்று அடுத்த பத்தியில் அடிக்கோல் வந்துவிடும். ஒரு பிரிவேளையில் மனிதகுலத்தின் சில ஆயிரம் ஆண்டுகள் முடிந்துவிடும். அந்த நாலு விடைகளுக்குள் இருக்கும் பொருளை யாரும் தொடுவதில்லை. சாண் சிறியதாக இருந்த பிள்ளைக்கு ஏன் எண்ணிக்கை பெரியதாக வந்தது? அலகு சிறுத்தால் எண் பெருக்கும் என்ற ஒரு கருத்து உறுதிப்பட்டால், மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்ற ஐந்தாம் வகுப்புத் திண்டாட்டமே இராது. சாணுக்கும் சாணுக்கும் நடுவே இடைவெளி விட்டால் என்ன ஆகும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும், கடைசியில் அரைச் சாண் மிஞ்சினால் அதை எப்படிச் சொல்வது? அளத்தல் என்றால் இவைதான். அடிக்கோல் இவற்றையெல்லாம் தனக்குள் ஒளித்துவைத்திருக்கும் கருவி. ஒளித்துவைத்ததைத் திறந்து காட்டாமல் கருவியை மட்டும் கையில் கொடுக்கிறோம்.

விளைவு தெரிய வேண்டுமானால் முனை முறிந்த அடிக்கோலைக் கொடுத்துப் பாருங்கள். கணிதக் கல்வி ஆய்வில் பல நாடுகளில் செய்து பார்த்த பழைய சோதனை இது. பென்சிலின் ஒரு முனை 3 இல், மறுமுனை 8 இல். நீளம் என்ன? எட்டு என்னும் குழந்தைக்கு அடிக்கோல் என்பது கடைசி எண்ணை வாசிக்கும் பலகை. ஆறு என்னும் குழந்தை கோடுகளை எண்ணுகிறது, இடைவெளிகளை எண்ணவில்லை. ஐந்து என்பது அரிதாகத்தான் வரும். முறியாத அடிக்கோலைக் கொண்டு நடத்தும் தேர்வில் இந்த மூவருக்கும் ஒரே மதிப்பெண்.

இவ்வூர்க் குழந்தைகள் அளவைகளுக்கு நடுவில் பிறந்தவர்கள் என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. ரப்பர் ஷீட்டை நிறுத்து விற்கும் வீடுகள். களியக்காவிளைச் சந்தையில் மீனும் மரச்சீனியும் வாழைக்குலையும் கைமாறும் வேகம். பாலராமபுரத்தில், உம்மிணித் தம்பி திவானாக இருந்த 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப்பகுதியிலிருந்து குடியேற்றப்பட்டதாகச் சொல்லப்படும் சாலியர் தெருக்களில், குழித்தறியில் பாவு இழைகளை எண்ணிச் சேர்க்கும் கைகள். எட்டு முழ வேட்டியை ஒரு பெற்றோரிடம் கேட்டு வாங்கி வகுப்பில் விரித்தால் போதும்: மடித்தால் நாலு முழம், மறுபடி மடித்தால் இரண்டு, ஆசிரியரின் முழத்துக்கு எட்டுக்கு மேல் வருகிறதா குறைகிறதா, மீட்டர்க்கோலால் அளந்தால் ஏன் மூன்றரைக்கு மேல் வருகிறது? ஒரு வார வேலை அது. மில்மா பாக்கெட்டும் ஆவின் பாக்கெட்டும் இரண்டுமே 500 மில்லிலிட்டர். நிறம் வேறு, மாநிலம் வேறு, அளவு ஒன்று.

எல்லாவற்றிலும் பெரிய வாய்ப்பு சென்ட். கேரளத்தில் நிலமற்றவரின் கனவுக்கு அலகு அதுதான். மூன்று சென்ட், நாலு சென்ட் என்று குடியிருப்புகளுக்கே பெயர் உண்டு. ஒரு சென்ட் என்றால் ஏக்கரில் நூறில் ஒன்று, 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். சென்ட் என்பதிலும் சென்டிமீட்டர் என்பதிலும் இருப்பது நூறைக் குறிக்கும் அதே லத்தீன் வேர். நம்மூரில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் சொல்லும் சென்டமும் அதுவே. ஒன்று பரப்பு, ஒன்று நீளம், ஒன்று பெருமை. மூன்று சென்டில் வாழும் குழந்தைக்கு அது எவ்வளவு என்று உடம்புக்குத் தெரியும்: பக்கத்துக்குச் சுமார் 11 மீட்டர் உள்ள ஒரு சதுரம், அதில் வீடு, கிணறு, ஒரு தென்னை, தகராறுக்குரிய ஒரு வேலி. அந்தக் குழந்தைக்குப் பரப்பளவு என்பது நீளம் பெருக்கல் அகலம் என்ற சூத்திரமாக அறிமுகமாகிறது. அப்பா பட்டாவில் ஆர் கணக்கில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமல் இடைத்தரகரிடம் போய் நிற்கும்போது, மகளின் கணக்குப் புத்தகம் பைக்குள் இருக்கிறது. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரைச் சென்ட். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அது. அது தெரியாததன் விலை சில நேரம் ஒரு வேலியடி நிலம்.

இந்த இடத்தில் நம் பழம்பெருமைக்காரர்கள் உற்சாகமாகி, முந்திரி 320 இல் ஒன்று என்று தொடங்கித் தேர்த்துகள் வரை நீளும் பட்டியலை அனுப்பிவைப்பார்கள். என் வாட்ஸ்அப்பில் அது மாதம் ஒருமுறை வருகிறது. பின்னப் பெயர்களின் உண்மையான வலிமை அந்தச் சிறுமையின் சிறுமையில் இல்லை. பெயரின் கட்டமைப்பில் இருக்கிறது. முக்கால் என்ற சொல்லுக்குள் மூன்றும் காலும் தனித்தனியே நிற்கின்றன. அரைக்கால் என்றால் காலில் பாதி. அதாவது எட்டில் ஒன்று. இரு பின்னங்களின் பெருக்கற்பலன் ஒரே சொல்லாக நம் சமையலறையில் கிடக்கிறது. ஆனால் வகுப்பில் அந்தச் சொல் வருவதில்லை. 'மூன்று பை நான்கு' வருகிறது. நான்கில் மூன்று என்று முழுமையை முன்னால் வைத்துச் சொல்லும் அழகான வழக்கும் பையால் அழிகிறது. கொரிய மொழியில் பின்னங்கள் இப்படித்தான் வழங்குகின்றன என்பதையும், கொரியக் குழந்தைகள் பின்னத்தை முன்னதாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் ஐரின் மியூராவின் குழு 1999 இல் காட்டியது. பைக்கும் மிக்ஸும் 2003 இல் அதை மறுபரிசோதனை செய்து, மொழி மட்டும் காரணமன்று, பெயர் தெளிவாக இருந்தால் ஆங்கிலக் குழந்தையும் தேறும் என்று திருத்தினார்கள். திருத்தமே எனக்கு உவப்பானது. தெளிவான பெயர் எந்த மொழிக் குழந்தைக்கும் உதவும் என்றால், அது கையிலேயே இருக்கும் குழந்தைக்கு அதை மறுப்பானேன்?

பழம்பெருமைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி மனப்பாடத்தைப் பொற்காலமாகக் காட்டுவதை நிறுத்துங்கள். அந்தத் திண்ணையில் யார் உட்கார அனுமதிக்கப்பட்டார், யாருடைய உழைப்பை அளக்க அந்தக் கணக்கு பயன்பட்டது என்பதையெல்லாம் செந்தில் பாபு தம் 'மேத்தமேட்டிக்ஸ் அண்ட் சொசைட்டி' நூலில் (2022) விரிவாக எழுதியிருக்கிறார். மரக்கால் எப்போதும் நியாயமாக அளந்ததில்லை. குத்தகை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி கொடுக்கும்போது வேறொரு மரக்கால் என்ற கதை இல்லாத வயல்வெளி உண்டா?

சந்தையில் கணக்குத் தெரிந்தவன் பள்ளியில் தேறுவான், ஆகவே கவலை வேண்டாம் என்பாரும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985 இல் வெளியான ஆய்வு பலருக்கும் தெரிந்தது: கடையில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி, அவற்றையே தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடு. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் குழந்தைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025 இல் வெளிவந்தது. அங்கும் அதே பிளவு. கூடவே, பள்ளிக்கூடக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதும் தெரிந்தது. பாலம் தானாக முளைக்காது. யாராவது கட்ட வேண்டும். கட்டுவதற்குரிய பொருள் குழந்தையின் மொழி; கொத்தனார் ஆசிரியர்.

கேரளத்தின் செயல்வழிக் கற்பித்தலை நான் இகழவில்லை. 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு வந்த அந்த மாற்றம் இந்தியாவின் பல மாநிலங்களுக்கு முன்னோடி. ஆனால் செயல்பாடு பேச்சால் நடப்பது. 'நீ எப்படிக் கண்டுபிடித்தாய், சொல்' என்பதுதான் அதன் உயிர். எந்த மொழியில் சொல்ல? வீட்டுமொழியில் சொன்னால் வகுப்பு சிரிக்கும் என்று தெரிந்த குழந்தை வாய்திறக்காது. வாய்திறக்காத குழந்தைக்குச் செயல்வழிக் கற்பித்தலும் மனப்பாட முறையும் ஒன்றே. முன்னதில் குச்சிகள் கொஞ்சம் கூடுதல். எல்லைக்கு இப்பாலும் நிலைமை பெருமைப்படத் தக்கதன்று. தமிழ்நாட்டில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் ஓடுகிறது; எல்லை தாண்டி வந்து சேரும் குழந்தை, பாதி மலையாளமாகப் பேசுவதற்காக இங்கே கேலிக்கு ஆளாகிறது. கேலியின் மொழி மட்டும்தான் மாறுகிறது.

'எப்படியும் பொறியியல் ஆங்கிலத்தில்தான், பிறகு எதற்கு இந்தச் சுற்றுவழி' என்ற கேள்வி வரும். 37 என்ற எண்ணுரு எல்லா மொழிக்கும் ஒன்று. மூன்று பத்தும் ஏழும் என்று ஒருமுறை புரிந்துகொண்டவளுக்கு 'தர்ட்டி செவன்' என்பது ஒரு பிற்பகலில் ஒட்டவைக்கும் பெயர்ச்சீட்டு. பெயர்ச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு சரக்கைத் தேடுகிறவளுக்குப் பத்தாம் வகுப்புவரை டியூஷன். எந்த வழி சுற்றுவழி?

கல்வியுரிமைச் சட்டத்தின் 29 ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. 'இயன்றவரை' என்ற சொல்லின் நிழலில் இரண்டு அரசுகளும் இளைப்பாறுகின்றன. தமிழ் அமைப்புகள் அடுத்த முறை திருவனந்தபுரத்துக்கு மனு கொண்டுபோகும்போது, மொழிப்பாட ஆசிரியர் பணியிடத்தோடு வேறு சிலவற்றையும் எழுதட்டும். எல்லையோரப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்கு வகுப்புவரை கணக்கு நடத்தும் ஆசிரியருக்கு இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை தன் விளக்கத்தை எந்த மொழியிலும் சொல்லலாம் என்று ஆசிரியர் கையேட்டில் ஒரு வரி வேண்டும். ஒவ்வொரு வகுப்பறையிலும் மீட்டர்க்கோலும் தராசும் லிட்டர்ப் படியும் பூட்டிய அலமாரிக்கு வெளியே இருக்க வேண்டும். வீதி, தூக்கம், கழி என்று தொடங்கும் அந்த ஒரு பக்கத் தாளின் வரைவு என்னிடம் இருக்கிறது. கேட்கிற ஆசிரியர்களுக்கு உள்பெட்டியில் அனுப்புகிறேன். விடுபட்ட சொற்களை அவர்களே சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கும் சொல்லட்டும்.